பொன்னி குறை சொன்ன வண்டி

எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் பொருளையும் புகழ்ந்து வாங்கியது கிடையாது. கோட்டக்குப்பத்தில் எங்களுக்குப் பழைய சாமான் கடை. அத்தாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, ஒரு பொருளின் மேல் ஆசை விழுந்துவிட்டால் அதைத் திட்டியே தீர்த்துவிடுவார். நல்ல பித்தளை அண்டாவைச் சுண்டிப் பார்த்து, "என்னாங்க இது, காலி டின்னு மாதிரி கத்துது?" என்பார். தேக்கு மேஜையை ஆட்டிப் பார்த்து, "வெந்நீர் போடத்தான் ஆவும்" என்பார். அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட எங்கள் ஆட்கள், "பொண்ணு கொஞ்சம் கட்டை" என்று முணுமுணுத்துவிட்டு மறுநாளே நிச்சயம் பண்ணியவர்கள். அதே அத்தா ஒரு சாமானைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குதுங்க, தங்கமான பொருள்" என்று சொல்லிவிட்டால், எதிராளி அதைத் துணி போட்டு மூடி உள்ளே எடுத்து வைத்துவிடலாம். அத்தா வாங்கப்போவதில்லை, புறப்படுகிறார் என்று அர்த்தம். வெறுங்கையோடு போகிறவன் விட்டுவிட்டுப் போகிற மரியாதை அது.

பொன்னி அண்ணியும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். திண்டிவனத்தில் அவர் அப்பாவுக்கு நெல் மண்டி. மரக்காணம் உப்பளக்காரர் பஞ்சநாதனுக்கு அவரைக் கட்டிக்கொடுத்தபோது, மாமனார் சீர்வரிசையோடு ஒரு கறுப்பு லேண்ட்மாஸ்டர் காரையும் அனுப்பிவைத்தார். அப்போதே அது புதுசு இல்லை. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு வக்கீல் ஓட்டிச் சலித்தது. அண்ணி அதில் ஏறி மரக்காணத்துக்கு வந்து இறங்கிய முதல் நாளே, "எங்கப்பா தலையில எவனோ இந்தத் தகர டப்பாவக் கட்டிட்டான்" என்று சொல்லிக்கொண்டே, கல்யாணப் புடவைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்தாராம். பஞ்சநாதன் அண்ணன் இதை ஒரு வேடிக்கையாக எனக்குச் சொன்னார். எனக்கு அதில் எங்கள் அத்தாவின் குரல் கேட்டது.

நான் கூனிமேட்டில், ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரமாகப் பழைய கார் ஷெட் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிற கார்களையெல்லாம் வாங்கித் துடைத்து, பாண்டிச்சேரி ஓட்டல்காரர்களிடம் 'பாரம்பரியம்' என்று சொல்லி விற்கிற தொழில். அந்த லேண்ட்மாஸ்டர் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். தீபாவளிக்குத் தீபாவளி அதிரசம் சாப்பிடுகிற சாக்கில் உப்பளத்துப் பக்கத்து மேட்டில் இருக்கிற அவர்கள் வீட்டுக்குப் போவேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆரம்பிப்பேன்.

"அண்ணே, இந்தத் தகரத்த வச்சிகிட்டு என்னா பண்றீங்க? உப்புக் காத்துல தொட்டா உதுந்துடும் போலிருக்குது. எடைக்குப் போட்டாக்கூட எவனும் வாங்கமாட்டான். ஏதோ பழகின தோஷத்துக்கு நான் எடுத்துக்கறேன்."

அண்ணனுக்குக் கோபம் வரும். அண்ணிக்கு வராது. அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பார்.

"பாய், நீ தகரம் தகரம்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கு வயித்தக் கலக்குது. பேசாம நல்ல வண்டின்னு சொல்லிட்டுக் கெளம்பு, நான் நிம்மதியாத் தூங்குவேன்."

என்னை அந்தக் கடற்கரையில் முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்த வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே ஒரு நீளக் கம்பி, ஒரு குழாய்க்குள் இறங்குகிறது. கம்பி குழாயில் இடிக்காமல் நடுவில் நிற்பதற்கு மேலே ஒரு வளையமும் கீழே ஒரு வளையமும் உண்டு. அதற்குப் பெயர் புஷ். மேல் புஷ் அந்தக் காலத்துக் கம்பளி. எண்ணெயில் ஊறவைத்துத் திணிப்பார்கள். பஞ்சநாதன் அண்ணன் நல்ல பாரி சரீரம். முட்டி வலி வேறு. வண்டியிலிருந்து இறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருப்பார். அவர் தொங்கித் தொங்கி அந்தக் கம்பளி தேய்ந்து தூளாகி, ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்துவிட்டது. குண்டு குழியில் இறங்கினால் கம்பி குழாயில் இடித்து 'டக், டக்' என்று சத்தம். வண்டி ஈசிஆரிலிருந்து உப்பளத்து மண் வழிக்குத் திரும்பினால் அந்தச் சத்தம் வீட்டுக்கே கேட்கும். கேட்டதும் அண்ணி சோற்றை வடித்துவிட்டு, அவர் இறங்கும்போது சரியாகத் திட்டுவார்.

"ஸ்டீயரிங்கப் புடிச்சுத் தொங்காதீங்க, தொங்காதீங்கன்னு எத்தினி தடவ சொல்றது? அது என்னா ஆலமரத்து விழுதா? ஊரே கேக்குது, லொட லொடன்னு. மானம் போவுது."

"இரு, இந்த உப்பு முடியட்டும், சரி பண்ணிடறேன்" என்பார் அண்ணன். உப்பு வருஷா வருஷம் முடியும். சத்தம் முடியவில்லை.

பிறகு அண்ணிக்குச் சர்க்கரை முற்றியது. முதலில் கண்ணை எடுத்துக்கொண்டது. அப்புறம் விரல் நுனிகள் மரத்துப்போயின; சோற்றில் கை வைத்தால் சூடா ஆறியதா என்று தெரியாது. வாயில் ருசி இல்லை, மூக்கில் வாசனை இல்லை. கடைசியில் சிறுநீரகம். வாரா வாரம் பாண்டிச்சேரிக்குப் போய் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அண்ணன் பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து லேண்ட்மாஸ்டரிலேயே கூட்டிப்போவார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனது. ஆட்களைக் கொண்டுபோன ஊர்களில் உப்புப் பாத்தியைப் பற்றிப் பேசவே கூசும். அண்ணனும் யாரிடமும் பேசவில்லை. பாத்தி முழுக்கக் கடல் மணல், வரப்பெல்லாம் கரைந்துவிட்டது. அந்த வருஷம் அவர் ஒரு கூடை உப்பு வாரவில்லை. அண்ணியிடம் மட்டும், "நம்ம பக்கம் தண்ணி ஏறல பொன்னி. சாமி புண்ணியம்" என்று சொல்லிவைத்தார். அண்ணி கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார். மார்கழி போய், தை, மாசி போனது. ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்.

"ஏங்க, உப்பு வாருறதா சொன்னீங்களே, லாரிச் சத்தத்தையே காணோமே?"

அண்ணன் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அண்ணி அவர் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினார்.

"எது வேணா வில்லுங்க. எங்கப்பா குடுத்த வண்டிய என் ஒடம்புக்காக விக்கக்கூடாது. வித்தீங்கன்னா அந்தக் காசுல ஓடுற மிஷின்ல நான் படுக்கமாட்டேன். சொல்லிட்டேன்."

அண்ணன் விற்கவும் இல்லை. தோப்பை விற்றார், மனையை விற்றார், வண்டியைத் தொடவில்லை. இதற்கு நானே சாட்சி. அந்த வருஷம் நான் கேட்கப் போகவில்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் உண்டு.

ஒரு காலை அவரே என் ஷெட்டுக்கு வந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி இறங்கினார்.

"பாய், இந்தச் சத்தத்த நிறுத்தணும். மிஷின்லேருந்து திரும்பி வரும்போது அவளுக்கு மண்டைக்குள்ள இடிக்குதாம். நேத்திக்குச் சொன்னா. இத்தன வருஷமா அவ சொல்லி நான் காதுல போட்டுக்கல. இப்பவாச்சும் செய்யறேன்."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பெண்டாட்டிக்கு முதல் முதலாகப் பூ வாங்குகிறவன் மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனால் வேறு யோசனை பண்ண முடியும்?

என் ஷெட்டில் மெக்கானிக் அந்தோணிராஜ். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஸ்டீயரிங் சக்கரத்தின் நட்டைக் கழற்றிவிட்டு இழுத்தால் சக்கரம் அசையவில்லை. உப்புக் காற்றில் துரு பிடித்துக் கம்பியோடு ஒன்றாகிவிட்டிருந்தது.

"பாய், இந்த ஊர்ல ஆண்டவரே வந்து நின்னாலும் ஆறு மாசத்துல துரு புடிச்சிடுவாரு" என்றான் அந்தோணிராஜ். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டித் திருகினோம். சக்கரம் துப்பாக்கி மாதிரி ஒரு சத்தத்தோடு கழன்றது. உள்ளே கம்பளி இருந்த இடத்தில் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு கொஞ்சம் தூள். அந்தோணிராஜ் ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, குழாயைப் பெட்ரோல் விட்டுக் கழுவி, கண்ணாடி மாதிரி பண்ணினான். சுரண்டினதைக் குப்பையோடு பெருக்கித் தள்ளினான். புதுக் கம்பளிப் புஷ் எங்கும் கிடைக்காது என்பதால் பாண்டிச்சேரி லேத் பட்டறையில் நைலானில் கடைந்து வந்து மேலும் கீழும் அடித்தோம்.

அதோடு விட்டோமா? அண்ணி உடம்புக்கு உறுத்துமே என்று பின் சீட்டிலிருந்த பழைய தேங்காய் நாரை உருவிவிட்டுப் புது ஸ்பாஞ்ச் வைத்தேன். கதவுக் கீலில் கிரீஸ் வைத்தேன். விழப்போகிற பல் மாதிரி ஆடிய ஜன்னல் கண்ணாடிக்கு ரப்பர் போட்டேன். அண்ணன் ஓட்டிப் பார்த்தார். உப்பளத்து மண் வழியில் வண்டி ஓடம் மாதிரி போனது. ஒரு சத்தம் இல்லை. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பாண்டிச்சேரி முறை. எங்கள் வேலையின் பெருமையைக் கேட்டு ரசிக்க நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். அண்ணன் அண்ணியைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தார். கதவு வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று அண்ணன் எனக்கு ஏற்கெனவே கண் காட்டியிருந்தார்.

வண்டி ஈசிஆர் ஏறியது. அண்ணி பேசவில்லை. அண்ணன் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். வழக்கமாக அண்ணி படுத்தபடியே வழி சொல்லிக்கொண்டு வருவார் என்பது எனக்கு அப்போது தெரியாது. கண் போன பிறகு, அந்த டக் டக்கை வைத்தே அவருக்கு ரோடு மொத்தமும் தெரிந்திருக்கிறது. இந்த இடிக்கு உப்பளத்து முடுக்கு, இந்த இரண்டு இடிக்குப் பனந்தோப்பு, இந்த நீள ஆட்டத்துக்குக் கூனிமேட்டு வேகத்தடை. "பள்ளிவாசல் வந்துடுச்சா, பாய் கடையத் தொறந்துட்டானா பாருங்க" என்பாராம்.

கோட்டக்குப்பம் நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"இப்ப எங்க இருக்கோம்?"

"கோட்டக்குப்பம் வந்துட்டோம் பொன்னி."

பிறகு, "இது யாரு வண்டி?"

அண்ணன் சிரித்தார். "யாரு வண்டியா? உங்கப்பா வண்டிதான். சத்தத்த நிறுத்திட்டேன், பாத்தியா? மண்டையில இடிக்குதுன்னு சொன்னியே."

"வித்துட்டீங்களா?"

"என்னாது?"

"எப்ப வித்தீங்க?"

அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். அவர் முகத்தில் இருந்த பூ வாடிவிட்டது. "பொன்னி, நம்ம வண்டிதான் இது. புஷ் மாத்தியிருக்குது. பின்னாடி சீட்டு பாய் புதுசாப் போட்டான். இந்தா, கையக் குடு, கதவத் தொட்டுப் பாரு, அந்த நெளிசல் இருக்குது பாரு."

அவர் கையைப் பிடித்துக் கதவின் உள்பக்க நெளிசல்மேல் வைத்துத் தேய்த்தார். அண்ணி தேய்க்க விட்டார். "எனக்கு விரல்ல என்னாங்க இருக்குது? சொவத்தத் தொட்டாலும் ஒண்ணுதான், உங்க கன்னத்தத் தொட்டாலும் ஒண்ணுதான்."

நான் குறுக்கே விழுந்தேன். "அண்ணி, நான் பாய். எங்கூட்டு அந்தோணிராஜ்தான் வேலை பாத்தான். சத்தியமாச் சொல்றேன்."

"நீ முன்னாடிதான் உக்காந்திருக்கியா பாய்?" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "அப்ப சரி. கடைசில தகரத்த வாங்கிட்ட. பரவால்ல, உங்கிட்டயாச்சும் போச்சே. துடைச்சு வச்சுக்குவ. இது யாரோடது, உன் ஷெட்டுல நிக்கிறதுல ஒண்ணா? எனக்கு இரவல் குடுத்தியா?"

"அல்லா மேல ஆணையா, இது உங்க வண்டி அண்ணி!"

"வியாபாரத்துல நீ எத்தினி தடவ அல்லாவக் கூப்பிட்டிருக்க பாய்? எங்கப்பா முருகனக் கூப்பிடுவாரு. எனக்குத் தெரியாதா?"

என் ஷெட்டில் பழைய வண்டிகள் வரிசையாக நின்றதும் உண்மை. நான் அந்த வண்டிக்கு வருஷக்கணக்காக நாக்கைத் தொங்கப் போட்டதும் உண்மை. கடல் தண்ணீர் ஏறவே இல்லை என்று அண்ணன் சொன்னது பொய். பணம் தண்ணீராகச் செலவாகிறது என்பது அண்ணிக்குத் தெரியும். எங்கள் கணக்கு எதுவும் அவரிடம் செல்லவில்லை. "வேணும்னா கொளஞ்சியக் கேளு" என்றார் அண்ணன். கொளஞ்சி உப்பளத்து மேஸ்திரி. "கொளஞ்சிக்கு உங்க வாயி. நீங்க என்னா சொல்றீங்களோ அதையே திருப்பிச் சொல்லுவான்" என்றார் அண்ணி.

அன்றைக்கு மட்டும் மிஷினில் படுத்தார். அடுத்த முறை வந்தபோது வீட்டு வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார். அண்ணன் கெஞ்சினார், அதட்டினார், அழுதார். "வண்டிய வித்த காசு எனக்கு வேணாங்க. சொல்லித்தானே வச்சேன்?" என்பதோடு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் இப்படி விட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு ஊதிக்கொண்டே வந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் வண்டியோடு என் ஷெட்டுக்கு ஓடிவந்தார்.

"பாய், அந்தச் சத்தத்தத் திருப்பிக் குடு."

அப்போதுதான் என் மர மண்டைக்கு உறைத்தது. அண்ணி இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தைத் திட்டினாரே, எங்கள் அத்தா அண்டாவைத் திட்டினாரே, நான் லேண்ட்மாஸ்டரைத் தகரம் என்றேனே, எல்லாம் ஒரே திட்டு. வேண்டாததை அண்ணி ஏன் திட்டப்போகிறார்? அண்ணன் உப்பு விற்றவர். அவரிடமும் வருகிறவன் எல்லாம் உப்பில் மண் இருக்கிறது என்றுதான் ஆரம்பிப்பான். உப்பளத்தில் தினமும் கேட்டதை வீட்டில் அடையாளம் தெரியாமல், வாழ்க்கையில் முதல் முறையாகப் பெண்டாட்டி பேச்சை அப்படியே நம்பிவிட்டார்.

அந்தோணிராஜ் நைலான் புஷ்ஷைக் கழற்றினான். கம்பி ஆடியது. அண்ணன் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கை உலுக்கினார். 'டிங்' என்றது.

"இது இல்ல" என்றார் அண்ணன். "இது கோயில் மணி மாதிரி இருக்குது. அது கனமா இருக்கும்."

குழாயைக் கண்ணாடி மாதிரி கழுவிவிட்டோமே. அந்தக் கறுப்புத் தூளும் பிசுக்கும் சேர்ந்து கொடுத்த சத்தம் அது. அந்தோணிராஜ் குப்பை மேட்டுக்குப் போனான். அதைப் பெருக்கித் தள்ளிய பிறகு ஒரு மழை வேறு பெய்திருந்தது. கையை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

கோணித் துணியைச் சுற்றிப் பார்த்தோம்: 'தப்' என்று ஊமையாக இருந்தது. சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம்: சத்தமே போய்விட்டது. மிருதங்கக்காரன் ரவையை அப்பி அப்பித் தட்டிப் பார்ப்பது போல, கிரீஸில் மரத்தூளைப் பிசைந்து அப்பினான் அந்தோணிராஜ். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் கிட்ட வந்துடுச்சு. இன்னும் ஒரு துளி காரமா வேணும்." அத்தனை வருஷம் காதில் வாங்காத சத்தத்தை, ஒரு சங்கீத வித்வான் மாதிரி திருத்திக்கொண்டிருந்தார். நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வெளுத்துப்போன கம்பளிச் சால்வை ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்து, கத்தரித்து, எண்ணெயில் ஊறவைத்து, தீயில் கொஞ்சம் பொசுக்கி வைத்ததும் 'டக்' என்றது.

"இதுதான்!" என்று அண்ணன் கத்தினார். "இதேதான் பாய்!"

புது ஸ்பாஞ்சை உருவிவிட்டுத் தேங்காய் நாரைத் திணித்தோம். எங்கள் நார் வேறு ஊர் நார். பழையது குப்பையோடு போயிருந்தது.

மண் வழியில் அண்ணன் வேண்டுமென்றே ஒவ்வொரு பள்ளமாகத் தேடி இறக்கிக்கொண்டு போனார். டக், டக், டக். வாசலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பிடித்து நன்றாகத் தொங்கி இறங்கினார். நானும் இறங்கி நின்றேன்.

"பொன்னி, கேட்டியா? நம்ம வண்டி வந்துடுச்சு பாரு. அந்தப் புஷ்ஷெல்லாம் கழட்டிக் கடாசிட்டேன். உனக்கு எதுக்கு அது?"

அண்ணி கட்டிலில் முகத்தைத் திருப்பினார். வீங்கிய முகம். பார்வை இல்லாத கண்கள் அண்ணனின் குரல் வந்த பக்கம் வந்து நின்றன. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கிரீஸும் மரத்தூளும் அப்பிய கையைக் குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கையை அண்ணியால் பார்க்கவும் முடியாது, தொட்டு உணரவும் முடியாது. அந்த மூச்சை மட்டும் கேட்டிருப்பார்.

"இன்னொரு தடவ ஆட்டுங்க" என்றார்.

நான் போய் ஸ்டீயரிங்கை ஆட்டினேன். டக், டக்.

அண்ணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"ஆமாங்க, நம்ம வண்டிதான். ரொம்ப நல்லா இருக்குது. தங்கமான வண்டி."

அண்ணன் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சந்தோஷத்தில். நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தேன். எங்கள் அத்தா எத்தனையோ கடை வாசலில், எத்தனையோ பேரிடம், இதே சிரிப்போடு இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே மிஷினுக்குப் போகும் வழியில் அண்ணன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே ஓட்டினார். "பொன்னி, இப்ப எங்க வந்துட்டோம், சொல்லு பார்ப்போம்?"

பின்னாலிருந்து சற்றுத் தயங்கி, "கூனிமேடு" என்றார் அண்ணி.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இரண்டு பக்கமும் உப்பளம். மணல் மேவிய பாத்திகள். கூனிமேடு இன்னும் எவ்வளவோ தூரம்.

"கரெக்ட்டாச் சொல்லிட்ட!" என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அண்ணி எந்த முறையும் மறுக்கவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் ஏறினார். அந்த வண்டியை ஒரு நாளும் திட்டவும் இல்லை. ஐப்பசியில் விடாமல் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் ஒரு மத்தியானம், மிஷினிலிருந்து திரும்பி வரும் வழியிலேயே, பின் சீட்டில் படுத்தபடி போய்விட்டார். அண்ணனுக்கு வீடு வந்து சேரும்வரை தெரியாது. வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், என் ஷெட் வாசலில் டக் டக்கென்று வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். நான் கதவருகே போய் நின்றேன்.

"அவ சந்தோஷமாத்தான் போனா பாய்" என்றார். இதை அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "வண்டி நம்மளுதுதான்னு தெரிஞ்சுகிட்டுப் போனா. அது ஒண்ணு போதும் எனக்கு. நீயும் அந்தோணிராஜும் அன்னிக்குச் செஞ்சுதரலைன்னா, நான் சத்தியத்த மீறிட்டேன்னு நெனச்சுகிட்டே போயிருப்பா. அத நெனச்சாத்தான் எனக்கு வேர்த்துப்போவுது."

நான் தலையாட்டினேன்.

"இனிமே எனக்கு எதுக்கு இது? நீ எடுத்துக்க. நீ ரொம்ப நாளாக் கேட்டது." பிறகு பழைய சிரிப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்ததைச் சிரித்தார். "ம், ஆரம்பி. தகரம், உதுந்துடும், எடைக்குப் போட்டாக்கூட ஆவாதுன்னு சொல்லு. கேட்டு ரொம்ப நாளாச்சு."

நான் வண்டியைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் பழகிய வசனம் வரவேண்டும். வரவில்லை. அண்ணி கண்ணாடியைத் துடைத்த புடவைத் தலைப்பு ஞாபகம் வந்தது. பின் சீட்டைப் பார்க்கவே முடியவில்லை. இந்த வண்டியை நான் ஷெட்டில் நிறுத்தி, எவனோ ஒரு ஓட்டல்காரனிடம் பாரம்பரியம் என்று அளப்பதா? அதுவும், அண்ணி நான் வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போன வண்டியை? யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"ரொம்ப நல்ல வண்டிண்ணே. நல்லா இருக்குது. நீங்களே வச்சுக்குங்க."

"அடப்பாவி" என்று அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "நீ வண்டியப் புகழ்றியா? அப்ப வேணாங்கற. அவ அடிக்கடி சொல்லுவா இல்ல, பாய் நல்ல வண்டின்னு சொல்லிட்டான்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்னு…"

சிரித்துக்கொண்டே வந்த பேச்சு பாதியில் நின்றது. அவர் கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. கை அசைந்ததில் அது ஒரு தரம் 'டக்' என்றது.

"பாய்."

"சொல்லுங்கண்ணே."

"அவளும் அன்னிக்கு அதத்தானே சொன்னா."

நாக்கை வைத்தே பிழைக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். கல்லையும் கற்கண்டு என்று விற்றிருக்கிறேன். ஒரு பொய், ஒரே ஒரு சின்னப் பொய் அப்போது கிடைத்திருந்தால் அதற்கு என் ஷெட்டையே கொடுத்திருப்பேன். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரி முகத்தில் எதையும் காட்டக்கூடாது. நான் காட்டிவிட்டேன் போலிருக்கிறது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து ஒரு நாளும் அவ இத நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல" என்றார் மெதுவாக. "ஒரு நாளும் சொன்னதில்ல பாய்."

இறங்குவதற்காக ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தார். பிடித்தவர், அது ஆடப்போகிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று கொஞ்ச நேரம் தேடினார். வேறு எதையும் பிடித்து இறங்கி அவருக்குப் பழக்கமில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.